வேகம் கேட்டது யார்?

பதிவுத் தபால் இனி தனியாகக் கிடையாது என்று 2025-ல் செய்தி வந்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர், "அட, அது இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல்லூரி விண்ணப்பம் முதல் கட்டணம் வரை எல்லாமே போனில் முடிந்துவிடுகிறது. ஆனால் பி.காம் படிக்கிற நமக்கு இது பழைய நினைவு பற்றிய விஷயம் இல்லை, கணக்கு வழக்கு பற்றிய விஷயம்.

நடந்தது இதுதான். 2025-ல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டது. உரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால், ஸ்பீட் போஸ்டில் 5 ரூபாய் கூடுதலாகக் கட்டிப் 'பதிவு' செய்துகொள்ளலாம். வசதி போகவில்லையே, அப்புறம் என்ன குறை என்று தோன்றும். விலையைப் பாருங்கள்.

முன்பு 20 கிராம் பதிவுத் தபாலுக்கு வரியோடு சுமார் 26 ரூபாய். அக்டோபர் 1, 2025 முதல் அமலான கட்டணப்படி, வெளியூருக்கு 50 கிராம் வரை ஸ்பீட் போஸ்ட் 47 ரூபாய். பதிவுக்கு 5 ரூபாய். இரண்டுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 61 ரூபாய் 36 காசு. இரண்டு மடங்குக்கும் மேல்! நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உள்ளூருக்குள் அனுப்பினால் 19 ரூபாய்தான், பதிவும் வரியும் சேர்த்து 28 ரூபாய் சொச்சம். ஆக நகரத்துக்குள் இருப்பவருக்குப் பெரிய அடி இல்லை. கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு அனுப்புகிறவர்தான் டெல்லிக்குக் கட்டும் அதே 47 ரூபாயைக் கட்ட வேண்டும்.

சரி, இந்தக் காலத்தில் யார் பதிவுத் தபால் அனுப்புகிறார்கள்? வணிகச் சட்டப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பி வந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி, வங்கி தகவல் சொன்ன 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சரியான முகவரி எழுதி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டால் அது போய்ச் சேர்ந்ததாகவே கருதலாம், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1897-ம் வருட ஜெனரல் கிளாஸஸ் சட்டம் சொல்கிறது. அதாவது, வியாபாரி அந்த 26 ரூபாய்க்கு வாங்கியது வேகத்தை அல்ல, சாட்சியை. நோட்டீஸ் நாளை போனாலும் நாலு நாள் கழித்துப் போனாலும் அவருக்கு ஒன்றுதான்.

பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மொத்தமாக அனுப்பினால் தள்ளுபடி கிடைக்கும். கம்பெனிகள் சட்டம் 2013 மின்னஞ்சலில் அனுப்பவும் இடம் கொடுக்கிறது. ஆனால் 500 பேர் இருக்கிற ஒரு சின்ன சங்கம், எல்லோருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டுமென்றால்? வெளியூர்க் கட்டணப்படி தலைக்கு 35 ரூபாய் கூடுதல். 500 பேருக்கு 17,000 ரூபாய்க்கு மேல், ஒரே ஒரு அறிவிப்புக்கு!

புத்தகக் கதையும் இதேதான். 2024 டிசம்பரில் பதிவு செய்த புக் போஸ்ட் நிறுத்தப்பட்டது. கிட்டத்தட்ட 250 கிராம் எடையுள்ள ஒரு கவிதைப் புத்தகத்தை மதுரையிலிருந்து சென்னைக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்ப, பதிவு செய்யாமலே வரியோடு 74 ரூபாய் ஆகிறது. புத்தகத்தின் விலையே 150 ரூபாய் என்றால், வாங்குகிறவர் யோசிக்க மாட்டாரா?

துறையின் பக்கமும் நியாயம் உண்டு. 2011-12-ல் 24.44 கோடியாக இருந்த பதிவுத் தபால்கள் 2019-20-ல் 18.46 கோடியாகக் குறைந்தன. ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் 2012-க்குப் பிறகு ஏறவே இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு ஏற்பாடு எதற்கு என்று கேட்பது தவறில்லை. ஆனால் குறைந்த பிறகும் 18 கோடி என்பது சின்ன எண்ணா? டென்மார்க்கில் 2025 டிசம்பர் 30-ம் தேதி போஸ்ட்நார்ட் கடிதம் கொண்டு போவதையே நிறுத்திவிட்டது. அங்கே இருபது இருபத்தைந்து வருடத்தில் கடிதங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன, அரசுக் கடிதங்களும் பெரும்பாலும் மின்னஞ்சல் பெட்டிக்கு மாறியிருந்தன. நம் நிலைமை அதுவா?

என் கருத்து இதுதான். சேவையைக் குறைப்பது என்றால் தபால் நிலையத்தைப் பூட்டுவது மட்டும் இல்லை. மலிவான வழியை எடுத்துவிட்டு விலை கூடிய வழியை மட்டும் வைப்பதும் குறைப்புதான். கதவு திறந்தே இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2025 மே 1 முதல் துறையே 'ஞான் போஸ்ட்' கொண்டு வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரை வழியாக மெதுவாகப் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும். கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு மட்டும்தான் இது. மெதுவாக, மலிவாக, கணக்கோடு அனுப்ப முடியும் என்று துறையே காட்டிவிட்ட பிறகு, அதே வசதியைக் கடிதங்களுக்கும் எல்லாப் புத்தகங்களுக்கும் கொடுத்தால் என்ன?

மாணவர்களுக்கு ஸ்பீட் போஸ்டில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. சந்தோஷம்தான். ஆனால் நாம் தபாலே அனுப்புவதில்லை! அனுப்பியே ஆக வேண்டியவர்களுக்கு அந்தத் தள்ளுபடி போயிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.