அனுமதித்த பணமும் ஏமாந்த பணமும்

வணிகவியல் படித்தவர் எவரும் மறக்க இயலாத கோட்பாடு ஒன்று உண்டு. ‘வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும்’ என்பதே அது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கோட்பாட்டை அழுத்தமாகச் சொல்லித் தருவார்கள். பொருளைப் புரட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, விலை பேசி வாங்கியவர் வீட்டுக்குச் சென்றபின் குறை கூறலாகாது என்பது அதன் சாரம். அதே பாடத்தின் பிற்பகுதியில் வரும் விதிவிலக்குகளைத் தேர்வு முடிந்ததும் பலரும் மறந்துவிடுகிறார்கள். விற்பவர் தந்த விவரிப்பை நம்பி ஒருவர் பொருளை வாங்கினால், வந்து சேரும் பொருள் அவ்விவரிப்போடு பொருந்தியே ஆகவேண்டும் என்று அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது.

கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்குகிற நாம், கைபேசியைப் படம் பார்த்து வாங்குகிறோம். இணையச் சந்தையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் விவரிப்பை நம்பி வாங்குபவரே. ஆகவே அங்கு ஏமாற்றப்பட்டவரைப் பார்த்து, “நீங்கள்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று சொல்வது நியாயமும் ஆகாது, சட்டமும் ஆகாது. ஆயினும் அவர் செல்லும் ஒவ்வொரு வாசலிலும் இந்தச் சொற்களே அவரை வரவேற்கின்றன. அவ்வாசல்களுள் வங்கியும் ஒன்று என்பதை வங்கியின் இதழிலேயே எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

நான் நாக்பூரில் பணியாற்றிய காலத்தில், ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவர் அட்டைப் பெட்டியொன்றைக் கையில் ஏந்தியபடி கிளைக்கு வந்தார். பேத்தியின் படிப்புக்காக இணையச் சந்தையில் 17,499 ரூபாய்க்கு ஒரு டேப்லட் வாங்கியிருந்தார். பெட்டிக்குள் தரையோட்டுத் துண்டுகள் இரண்டு இருந்தன. முகப்பில் இருந்த இளம் ஊழியர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “ஐயா, பின் எண்ணை நீங்களேதானே இட்டீர்கள்? இதில் வங்கி என்ன செய்ய முடியும்?” பெரியவர் எதுவும் பேசாமல் பெட்டியை மூடினார்.

அந்தப் பதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாட்களுக்குள் புகார் செய்தால் வங்கி பணத்தைத் திருப்பித் தந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையே இந்நம்பிக்கைக்கு அடிப்படை. வங்கியின் பிழையாலோ வாடிக்கையாளரின் பிழையாலோ அன்றி, இடையில் நிகழ்ந்த மீறலால் கணக்கிலிருந்து பணம் போனால், மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளர் இழப்பு எதையும் ஏற்க வேண்டியதில்லை என்று அது கூறுகிறது. ஆனால் அச்சுற்றறிக்கை பேசுவது வாடிக்கையாளர் அங்கீகரிக்காத பரிவர்த்தனைகளைப் பற்றி. பெரியவர் தாமே தொகையைப் பார்த்து, தாமே பின் எண்ணை இட்டு, தாம் செலுத்த நினைத்த இடத்துக்கே பணத்தைச் செலுத்தினார். அவர் ஏமாற்றப்பட்டது பணம் செலுத்தியதில் அன்று, பொருள் வந்ததில். பணம் பற்று வைக்கப்பட்டும் பரிவர்த்தனை நிறைவேறாமல் போனால் தானாகவே திரும்பி வரவேண்டும் என்ற 2019ஆம் ஆண்டு விதியும் இதற்குப் பொருந்தாது. வங்கியின் ஏட்டில் இது பிழையின்றி முடிந்த பரிவர்த்தனை.

இனி மறைந்து கிடக்கும் மறுபாதி. பணத்தைச் செலுத்த இசைந்தவர் ஏமாறவும் இசைந்தார் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. அவருக்குப் பணம் தரவேண்டிய கடமை இருக்கிறது. அது யாருடையது, அதனிடம் செல்லும் வழி எது என்பதுதான் கேள்வி. அவ்வழியைக் காட்டவேண்டிய பொறுப்பு முகப்பில் அமர்ந்திருப்பவருக்கு உண்டு.

முதற்கடமை விற்பனையாளருக்கும், அவருக்கு இடம் கொடுத்த இணையச் சந்தைக்கும் உரியது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைத் தெளிவாக வகுத்துள்ளன. பொருள் குறையுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் கூறிய தன்மைகள் அற்றதாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கலாகாது. ஒவ்வொரு சந்தையும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை அளிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பெரும்பாலோர் செயலியின் உரையாடல் பெட்டியில் இயந்திரத்தோடு வாதாடிக் களைத்து, இந்த அலுவலரின் பெயரையே காணாமல் திரும்பிவிடுகிறார்கள். “உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது” என்று உரையாடல் பெட்டி சொல்வது முடிவன்று. ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டுக் குறைதீர் அலுவலருக்கு அனுப்பும் மின்னஞ்சலே முறையான புகார். நாட்கள் அன்றிலிருந்து எண்ணப்படும்.

சந்தை பணம் தர ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு நுட்பம் உண்டு. சில தளங்கள் தொகையைத் தங்களுடைய வாலெட்டில் வரவு வைத்து, அங்கேயே செலவிடச் சொல்லும். பணம் செலுத்துவதற்கு இடைநின்று உதவும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைகளின்படி, வாடிக்கையாளர் வேறு வழிக்கு வெளிப்படையாக இசைந்தாலன்றி, பணம் எவ்வழியில் வந்ததோ அவ்வழியிலேயே திரும்ப வேண்டும். ‘உடனடி வரவு’ என்று பளிச்சிடும் பொத்தானை அழுத்துவதும் இசைவுதான். ஆகவே அழுத்துமுன் எழுத்துகளைப் படியுங்கள்.

சந்தை கைவிரித்தால், நாம் பணம் செலுத்திய முறையே அடுத்த வழியைத் தீர்மானிக்கிறது. கடன் அட்டை அல்லது பற்று அட்டை வழியே செலுத்தியிருந்தால், அட்டையை வழங்கிய வங்கியில் சார்ஜ்பேக் கோரலாம். பொருள் வரவில்லை, வந்த பொருள் விவரிப்புக்கு மாறானது, ஒப்புக்கொண்ட பணம் திரும்பவில்லை ஆகிய காரணங்கள் அட்டை நிறுவனங்களின் விதிகளில் இடம்பெற்றவை. வங்கி அக்கோரிக்கையை வணிகரின் வங்கிக்கு அனுப்பும். வணிகர் தம் பக்கச் சான்றைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் தொகை திரும்பும். இதற்குக் காலவரம்பு உண்டு. சந்தையின் இனிய பதில்களை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவ்வரம்பைக் கடந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். யுபிஐ வழியே வணிகர் கணக்குக்குச் செலுத்திய பணத்துக்கும், அச்செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் புகார் எழுப்பும் வசதி உள்ளது. முகப்பு ஊழியர் பெரியவரிடம் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்: “ஐயா, உட்காருங்கள். எப்படிச் செலுத்தினீர்கள்?”

எவ்விதக் காப்பும் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஏமாற்றுவோர் விரும்புவதும் அதையே. பொருளைத் தளத்தில் காட்டிவிட்டு, “ஆர்டரை ரத்து செய்யுங்கள், நேரடியாக என் எண்ணுக்கு அனுப்பினால் 1,000 ரூபாய் குறைத்துத் தருகிறேன்” என்று செய்தி அனுப்புவார்கள். அவ்வாறு அனுப்பிய கணத்தில் அது தனிமனிதர் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணமாகிவிடுகிறது. சந்தைக்கு அதில் தொடர்பில்லை, சார்ஜ்பேக்குக்கும் இடமில்லை. தளத்தின் வழியே செலுத்திய பணம் உடனே விற்பனையாளரின் கைக்குப் போய்விடுவதில்லை; இடைநிலைக் கணக்கில் நின்று பின்னரே தீர்க்கப்படுகிறது. நேரடியாக அனுப்பிய பணமோ சில நிமிடங்களில் நான்கைந்து கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். இந்நிலையில் செய்யக்கூடியது 1930 என்ற எண்ணை உடனே அழைப்பதும், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவதும், வங்கிக்குத் தெரிவிப்பதுமே. பணம் ஏதேனும் ஒரு கணக்கில் இன்னும் நின்றிருந்தால் அங்கே முடக்கிவைக்க இயலும். அது உரியவர் கைக்கு வருவது அதற்கான சட்ட நடைமுறை முடிந்த பின்னரே. (பொருள் விற்பனைச் சட்டத்தின் ஆண்டும் இந்த எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். வணிகவியல் படித்தவர்களுக்கு எண்ணை நினைவில் வைக்க அது உதவும்.)

பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையைப் பலர் பாதுகாப்பானது என்று கருதுகிறார்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே பணத்தைக் கொடுத்துவிட்டால் அதில் பாதுகாப்பு ஏதுமில்லை.

ஏமாந்த முதல் மணி நேரத்தில் நிகழும் இரண்டாவது திருட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நான் கண்ட வழக்குகளில் பெருந்தொகை போனது பெரும்பாலும் இதில்தான். ஏமாந்தவர் பதற்றத்தில் தேடுபொறியில் சந்தையின் பெயரையும் ‘கஸ்டமர் கேர்’ என்ற சொல்லையும் இடுகிறார். முதலில் தோன்றும் எண் பல நேரங்களில் மோசடிக்காரருடையது. மறுமுனையில் பேசுபவர் மிகுந்த பரிவோடு பேசுவார். தொகை இன்றே திரும்பிவிடும் என்பார். அதற்காக ஒரு செயலியை நிறுவச் சொல்வார். அச்செயலி கைபேசித் திரையை அவருக்குக் காட்டிவிடும். அல்லது கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, “பின் எண்ணை இடுங்கள், பணம் உங்கள் கணக்கில் விழும்” என்பார். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவைப்படுவதே இல்லை. 1,200 ரூபாய்ச் சேலைக்குப் பணம் கேட்கப் போய்ச் சேமிப்பை இழப்பது இவ்வாறுதான். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட ‘ராஜுவும் நாற்பது திருடர்களும்’ என்ற படக்கதைக் கையேடு இத்தகைய தந்திரங்களைச் சிறுவருக்கும் விளங்கும்படி சொல்கிறது. அதிகாரிகளாகிய நாங்கள் எழுதும் சுற்றறிக்கைகளைவிட அது நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. உதவி எண் வேண்டுமெனில் செயலிக்குள்ளோ, பொருளோடு வந்த ரசீதிலோ பாருங்கள், தேடுபொறியில் வேண்டாம்.

சான்றுகளைப் பொறுத்தவரை, பொருளின் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். புகார் எழுந்ததும் அப்பக்கம் மறைவது வழக்கம். பெட்டியைத் திறப்பதைக் காணொளியாக எடுப்பது உதவும் என்றாலும், காணொளி இல்லையென்றால் பணமில்லை என்று தளங்கள் கூறுவதை நான் ஏற்கவில்லை. மின்வணிக விதிகளில் அத்தகைய நிபந்தனை இல்லை. பலர் கவனிக்காத சான்று ஒன்று பெட்டியின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். அனுப்புச் சீட்டில் பொதியின் எடை அச்சிடப்பட்டிருந்தால் அதையும் சேர்த்துப் படமெடுங்கள். பெரியவரின் பெட்டியில் குறித்திருந்த எடை, அந்த டேப்லட்டின் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. புகாரில் நாங்கள் எழுதிய வலுவான வரி அதுவே. பொருளைத் திருப்பி அனுப்பும்போது, எடுத்துச் சென்றதற்கான ஒப்புகை பெறாமல் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

இத்தனை சுமையும் ஏமாந்தவர் தோளிலேயே ஏற்றப்பட்டிருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு மின்வணிக விதிகளுக்கு வரைவுத் திருத்தங்களை வெளியிட்டது. விற்பனையாளரின் அலட்சியத்தாலோ தவறான செயலாலோ பொருள் வந்து சேராமல் நுகர்வோருக்கு இழப்பு ஏற்பட்டால், சந்தையே அதற்குப் பின்னின்று பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. அது வரைவாகவே நின்றுவிட்டது. தாங்கள் வெறும் இடைத்தரகர்கள் என்பது சந்தைகளின் வாதம். விற்பனையாளரைச் சேர்ப்பது சந்தை. எந்தப் பொருள் முதலில் தோன்றவேண்டும் என்று முடிவு செய்வது சந்தை. ஒவ்வொரு விற்பனையிலும் கழிவு பெறுவது சந்தை. வாங்குபவருக்குத் தெரிந்த பெயரும் சந்தையின் பெயர் ஒன்றுதான். இலாபக் கணக்கில் பங்காளியாக இருப்பவர் நட்டக் கணக்கில் மட்டும் அந்நியராக முடியாது.

மறுபக்கமும் உண்டு. நல்ல பொருளை வாங்கிக்கொண்டு பழைய பொருளைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்களால் சிறு வணிகர்கள் நொந்துபோவதை, அவர்களுக்குக் கடன் வழங்கும் வங்கியாளராக நான் அறிவேன். சந்தைகள் கடுமை காட்டுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் இரு தரப்பையும் ஆராய்ந்து உண்மை காணும் வசதியும், தரவும், பணமும் சந்தையிடம்தான் இருக்கின்றன. நாக்பூர்ப் பெரியவரிடம் இல்லை.

அதுவரை, இருக்கின்ற வாசல்களைத் தட்டலாம். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. அது தீர்ப்பு வழங்கும் அமைப்பன்று. ஆயினும் அதன் வழியே செல்லும் புகாரை நிறுவனங்கள் உரையாடல் பெட்டிப் புகாரைப்போல் எளிதில் தள்ளிவிடுவதில்லை. வங்கியில் முறையாகப் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, வங்கிச் சேவையின் குறையைப் பற்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். நினைவிருக்கட்டும், அவர் விசாரிப்பது வங்கியைத்தான், விற்பனையாளரை அன்று. இறுதியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியே வீட்டிலிருந்தபடியே மனுவைப் பதியலாம். வங்கிக் கணக்கு அறிக்கையும் அம்மனுவோடு இணைக்கப்பட வேண்டும். அதை உங்கள் கிளையில் கேட்டுப் பெறுங்கள்.