தான் நிற்கும் இடத்தை அறியும் இதயப் பம்பு

மாரடைப்பால் தளர்ந்த இதயத்திற்கு, மார்பைப் பிளக்காமலே துணைபுரியும் சிறு பம்பு ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஆகன் நகரில் உருப்பெற்ற 'இம்பெல்லா' என்பதே அது. தொடைத் தமனி வழியே நுண்குழாயின் முனையில் செலுத்தப்பெற்று, இதயத்தின் இடது கீழறையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடுகிறது.

எனினும் சில சென்டிமீட்டர் நழுவினால் பயனில்லை. உறிஞ்சும் வாயும் பெருந்தமனிக்கு வந்துவிட்டால், அங்குள்ள இரத்தத்தையே சுற்றிச் சுற்றி இறைக்கும். நோயாளிக்கு உதவி நின்றுவிடும்.

ஆகவே பம்புக்கு அழுத்தம் அறியும் புலன் வேண்டும். முன்னர்ச் சிலவற்றில் திரவம் நிரம்பிய மெல்லிய குழல் வழியே அழுத்தத்தை அளந்தனர். காற்றுக் குமிழோ உறைந்த இரத்தமோ புகுந்தால் அளவு பிறழும். நுண்குழாயின் தடிப்போ 3 மில்லிமீட்டர் அளவே. அதைப் பெருக்கினால் காலுக்குச் செல்லும் இரத்தம் தடைப்படும். எனவே பொறியியலார் மெல்லிய கண்ணாடி இழையை நாடினர். அதன் முனையிலுள்ள சவ்வு அழுத்தத்தால் வளைய, திரும்பிவரும் ஒளி மாறுகிறது. அம்மாற்றமே அழுத்தத்தைக் கூறுகிறது.

இரண்டாம் சாட்சி மோட்டாரின் மின்னோட்டம். பம்பு வால்வின் குறுக்கே முறையாக நின்றால், அது துடிப்புக்கேற்ப ஏறியிறங்கும். இரு வாய்களும் ஒரே பக்கம் சேர்ந்தால் சமனாகும். எப்பக்கம் என்பதை ஒளியிழை காட்டும் அழுத்த அலை உணர்த்தும்.

கடும் மாரடைப்பால் அதிர்ச்சி நிலையுற்றோரிடையே நடந்து, 2024இல் வெளியான ஆய்வொன்றில், 180 நாட்களுக்குள் இறந்தோர் இப்பம்பு பெற்றவருள் 45.8 விழுக்காடு, பெறாதவருள் 58.5. இரத்தக்கசிவு முதலிய இடர்களோ பம்பு பெற்றவரிடமே மிகுதி.

நம் இல்லத்தார் ஒருவருக்கு இக்கருவி பொருத்தப்பெறின், திரையில் ஓடும் அவ்விரு கோடுகளை மருத்துவர் அடிக்கடி நோக்குவது ஏனென்பதை நாம் அறிந்திருப்போமாக.