பின்பக்கப் படிக்கட்டு

போன மாதம் என் தங்கை பேரன் சென்னையிலிருந்து கிள்ளைக்கு வந்திருந்தான். இங்கே வருகிற பிள்ளைகள் பையை வைத்ததும் பிச்சாவரம் படகுக்கு ஓடுவார்கள். இவன் கைப்பேசியை நீட்டி, "தாத்தா, இதப் பாருங்க" என்றான். நாற்பது படங்கள் இருக்கும். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜார்ஜ் டவுன், மவுண்ட் ரோடு, திருவல்லிக்கேணிச் சந்துகள் என்று அலைந்து, பழைய கட்டடங்களின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் படிக்கட்டுகளாக எடுத்திருந்தான். 'சென்னையின் பழைய ஃபயர் எஸ்கேப்புகள்' என்று தலைப்பு வேறு.

படங்கள் நன்றாகவே இருந்தன. சாயங்கால வெயிலில் படிகளின் நிழல் சுவரில் விசிறி மாதிரி விரிந்திருந்தது. ஆனால் அதில் பாதி ஃபயர் எஸ்கேப்பே இல்லை.

"இது நெருப்புக்கு வெச்ச படி இல்லடா" என்றேன்.

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்சந்திலிருந்து மேலே சுழன்று போய், மாடிக் கக்கூஸ் வாசலில் முடிந்துவிடும் படி அது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலம். கூடையும் துடைப்பமுமாக வருகிற மனிதர்கள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதற்காக வெளியே வைத்த படி. புதுச்சேரியில் நான் பள்ளிக்குப் போன வழியிலும் ஒன்று உண்டு. விடியற்காலையில் ஒரு அம்மா தலையில் கூடையோடு அதில் இறங்குவார். பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடியும், அவ்வளவு குறுகல். அந்த வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுத்து 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொன்று வந்தது. படி மட்டும் அங்கேயே நிற்கிறது, இப்போது படத்துக்கு அழகாக.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதெல்லாம் எடுத்துடவா?" என்றான். எடுக்க வேண்டாம், பெயரை மாற்றிப் போடு என்றேன். யார் ஏறி இறங்கிய படி என்று தெரியாமல் அழகை மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி.

நிஜமாகவே நெருப்புக்காக வைத்த படிகளைப் பற்றியும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அதில் இந்தப் படிக்கு 'எஸ்கலியே த் செகூர்' என்று பெயர். செகூர் என்றால் உதவி, ஆபத்துக்குக் கைகொடுப்பது. ஆங்கிலத்தில் அதுவே தப்பி ஓடுகிற படி ஆகிவிடுகிறது. எந்தப் பெயராக இருந்தாலும் படி ஆளைத் தாங்க வேண்டும், கதவு திறக்க வேண்டும்.

1975 ஜூலை 11-ஆம் தேதி மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தில் தீப்பிடித்தது. 1959-இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது. ஊரிலிருந்து போகிறவர்கள் கீழே நின்று அண்ணாந்து மாடியை எண்ணுவோம். அது எரிந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எங்கள் ஆபீசில் அன்று முழுக்க அதே பேச்சு. சரியாகப் பதினோரு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒரு தீ. ஒரு இளம்பெண்ணும் இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்தாவது மாடி ஃபயர் எஸ்கேப்பில் வந்து நிற்கிறார்கள். ஏணி பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் படி சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டது. இருவரும் விழுவதை ஸ்டான்லி ஃபோர்மன் என்ற பத்திரிகைப் படக்காரர் எடுத்தார். அதுவும் கறுப்பு வெள்ளைதான். குழந்தை பிழைத்தது, அந்தப் பெண் பிழைக்கவில்லை. அடுத்த வருடம் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பல ஊர்களில் படிக்கட்டுகளைச் சோதிக்க விதிகளைக் கடுமையாக்கினார்கள் என்பது.

என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. அப்போது அக்ஃபா கிளிக் த்ரீ வைத்திருந்தேன். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் பின்பக்கப் படியில் நண்பர்கள் மூன்று பேரை உட்கார வைத்து எடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் ரிக்கார்டு அறையில் ஒயர் புகைந்து காகிதம் பற்றிக்கொண்டது. முன்பக்கம் புகை. எல்லோரும் பின்கதவுக்கு ஓடினோம். கதவை மறைத்து ஃபைல் கட்டுகள். அவற்றை இழுத்துப் போட்டால், கதவு வெளியே பூட்டியிருக்கிறது. சாவி வைத்திருந்த பியூன் அன்று லீவு. கடைசியில் ஜன்னல் வழியாகச் சன்ஷேடில் இறங்கினோம். ஒருவருக்குக் கால் முறிந்ததோடு போயிற்று. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நண்பர்களின் தலைக்கு மேலே கதவு. கதவில் பூட்டு, ஒரு கறுப்புப் புள்ளியாக. நான்தான் எடுத்த படம். இரண்டு வருடம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் தினமும் பார்த்த படம்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் போனபோது, மேலே கீற்றுக் கூரை, இறங்கக் குறுகலான ஒரே படி என்று படித்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அதனால்தான் பேரனிடம் சொன்னேன். கறுப்பு வெள்ளையில் எடு, வேண்டாம் என்கவில்லை. ஆனால் அதில் துரு வெறும் சாம்பல் நிறமாகிவிடும். எந்தக் கம்பியை இற்றுத் தின்றிருக்கிறது என்று தெரியாது. இந்த உப்புக் காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே எத்தனை தடவை மாற்றியாயிற்று! ஒவ்வொரு படிக்கும் கூடவே இரண்டு படம் கலரில் எடு. ஒன்று, இரும்பு சுவருக்குள் போகிற இடம். இன்னொன்று, மேலே கதவின் தாழ்ப்பாள். இரண்டையும் அழகான படத்துக்குப் பக்கத்திலேயே போடு. பார்க்கிறவர்களில் ஒருத்தராவது அந்தக் கட்டடத்துக்காரராக இருப்பார்.

"நம்ம ஊர்ல ஃபயர் எஸ்கேப் எங்க இருக்கு?" என்று சிரித்தான். நமக்கு இறங்குகிற படியைவிட ஏறுகிற படிதான் முக்கியம் என்றேன். 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் வந்த பிறகு நம் கடற்கரையோரம் தூண்கள் மேல் நிற்கிற புயல் பாதுகாப்புக் கட்டடங்களைச் சொன்னேன்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பத்து மணிக்குத் திரும்பி வந்து ஒரு படத்தைக் காட்டினான். கலர்தான். படி உறுதியாக இருக்கிறது, சுண்ணாம்புகூட அடித்திருக்கிறார்கள். கீழே கம்பிக் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று மூன்று பேரிடம் கேட்டானாம். மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்களாம்.