கஞ்சத்தனம் அல்ல, கணக்கு

'வீட்டிலேயே படம் பார்க்கும் கஞ்சர்களால்தான் தியேட்டர்கள் மூடப்படுகின்றன' என்கிறார் நண்பர். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியாது.

எண்பதுகளில் எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து காசு போட்டு வீடியோ டெக் வாடகைக்கு எடுப்போம். ஒரு ராத்திரிக்கு மூன்று கேசட். படம் கோடு கோடாக ஓடினால் ஹெட்டைத் துடைக்க ஓர் அண்ணன் தயாராக இருப்பார். மூன்றாவது படம் முடியும்போது பாயில் பாதிப் பேர் தூங்கியிருப்போம், வாசலில் கோலம் விழுந்திருக்கும். தீபாவளிக்குத் தியேட்டர் வரிசையில் முண்டியடித்தவர்களும் நாங்கள்தான். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததே, அதற்கு மாறிய குடும்பங்களும் கஞ்சர்களா?

என் அக்கா வீட்டில் ஐந்து பேர். டிக்கெட், ஆட்டோ, இடைவேளைப் பாப்கார்ன் என்று ஒரு மாலைக்கு ஆகும் செலவில் அரை மாத மளிகை வாங்கிவிடலாம். அதனால் ஒரு மாதம் ஒரு ஓடிடி, அடுத்த மாதம் அதை நிறுத்திவிட்டு வேறொன்று. பார்க்க வேண்டிய படங்களைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கிறாள். சினிமாமேல் ஆசையில்லாதவள் இப்படிச் செய்வாளா? (திருட்டுப் பிரதி வேறு விஷயம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

நாலே வாரத்தில் படத்தை ஓடிடியில் விடச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவது தயாரிப்பாளர். பாப்கார்னுக்கு விலை வைப்பது தியேட்டர்காரர். நண்பர் முதலில் அவர்களிடம் பேசட்டும்.