ஆறு பேரில் மூன்று பேர் மட்டும் தப்பியது எப்படி?

போன செமஸ்டர் வெப் லேப் வைவா. என் பக்கத்தில் ஒரு வருகைப் பட்டியல். பட்டனைத் தட்டினால் 'ஆப்சென்ட்' கிளாஸ் உள்ள வரிகள் எல்லாம் மறைய வேண்டும். மொத்தம் ஆறு. தட்டினேன். மூன்று போனது, மூன்று அப்படியே நின்றது. மறுபடி தட்டினால் இன்னும் இரண்டு போனது! எக்ஸாமினர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சீனியர் மருந்து சொன்னார்: "லூப்பைக் கடைசியிலிருந்து ஓட்டுடா, சரியாயிடும்." ஆனது. ஏன்னு கேட்டால், "அது அப்படித்தான்." இந்த 'அப்படித்தான்' மேல்தான் என் கோபம் எல்லாம்.

விஷயம் இவ்வளவுதான் மக்களே. கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம் தருவது உயிருள்ள பட்டியல். பக்கத்திலிருந்து ஒரு வரியை நீக்கினால் பட்டியலும் உடனே சுருங்கும். ரேஷன் கடை க்யூ மாதிரி. முதல் ஆள் போனதும் இரண்டாவது ஆள் முதல் இடத்துக்கு நகர்ந்துவிடுவார். நம் லூப்போ இரண்டாவது இடத்தைப் பார்க்கப் போயிருக்கும். ஒன்று விட்டு ஒன்று தப்பிப்பது இப்படித்தான். அதே லூப்புக்குள் புதிய 'ஆப்சென்ட்' வரியைச் சேர்த்துப் பாருங்கள், பட்டியல் நீண்டுகொண்டே போய் பிரவுசரே தொங்கிவிடும். (சேவ் பண்ணிவிட்டு முயற்சி செய்யவும்!)

கடைசியிலிருந்து ஓட்டினால் வேலை நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. ஆனால் காரணம் தெரியாத என் டீம்மேட், "ஏன்டா இது தலைகீழா இருக்கு?" என்று சப்மிஷனுக்கு முதல் நாள் அதை நேராக்கி வைத்தான். மறுபடி மூன்று பேர்.

என் கருத்து, குவரிசெலக்டர்ஆல்-ஐத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். அது தருவது அந்த நேரத்து போட்டோ. வரியை நீக்கினாலும் போட்டோவில் இருப்பவர் நகரமாட்டார். டபிள்யூ3சி 2013-லேயே பரிந்துரைத்த வசதி, ஒன்றும் புதுசில்லை. பழைய முறைதான் வேண்டுமென்றால் அர்ரே.ஃப்ரம் போட்டு நகல் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இரண்டையும் முன்னாலிருந்தே ஓட்டலாம், படிப்பவனுக்கும் குழப்பமில்லை.

உயிருள்ள பட்டியலே கூடாது என்று சொல்லவில்லை. இப்போது எத்தனை வரி இருக்கிறது என்று அடிக்கடி எண்ண அது வசதிதான். எண்ணுவது வேறு, நடந்துகொண்டே நீக்குவது வேறு.

(ஃபார்-இன் லூப் போடுகிறவர்களுக்குத் தனிப் பதிவே போடலாம். வரிகளோடு லெங்த், ஐட்டம் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும்.)

எங்கள் லேப் மேனுவலில் இன்னும் பழைய முறைதான், நகலும் கிடையாது. உங்க காலேஜில் எப்படி?