ஏடு மறந்தது, நாடும் மறப்பதோ?

தோழரே,

போர்முனையில் நின்றவன் ஊர் திரும்புகிறான். துப்பாக்கியை ஒப்படைக்கிறான், சீருடையைக் களைகிறான், கையில் ஒரு தாளைப் பெற்றுக்கொண்டு வீடு நோக்கி நடக்கிறான். அமெரிக்க நாட்டிலே அந்தத் தாளுக்கு ‘டி.டி. 214’ என்று பெயர். 1950-ஆம் ஆண்டு முதல், படையிலிருந்து விடுவிக்கப்படுவோருக்கு அளிக்கப்பட்டு வரும் விடுவிப்புச் சான்று அது. எந்தப் பணியில் இருந்தான், எத்தனை காலம் இருந்தான், என்னென்ன பதக்கங்கள் பெற்றான் என்பவை யாவும் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். இல்லை, குறிக்கப்பட்டிருக்க வேண்டும்!

குறிக்கப்படாமற் போனால்? சிந்திய இரத்தம் உண்மை; சுமந்த தழும்பு உண்மை; உடனிருந்து கண்ட தோழன் உரைக்கும் சொல்லும் உண்மை. ஆனால், தாளிலே ஒரு வரி இல்லை. வரி இல்லை என்பதனாலேயே வீரமும் இல்லை என்றாகிவிடுமா? ‘ஆகிவிடும், அன்று என மெய்ப்பிப்பது உன் பொறுப்பு’ என்கிறது அலுவலகம். அந்த ஏற்பாடு அறமாகாது என்பதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

‘கடல் கடந்த நாட்டிலே, என்றோ முடிந்த போரிலே, எவனுக்கோ வரவேண்டிய ஒரு துண்டு வெண்கலத்துக்காகவா இத்தனை வழக்கு?’ என்று கேட்கத் தோன்றலாம். கேட்பது முறையே. நடுகல் நாட்டி, வீழ்ந்தவனின் பெயரைக் கல்லிலே செதுக்கி வைத்த மரபினர் நாம். பெயர் பொறிப்பதன் பொருள் நமக்குப் புதிதன்று. ஆயினும், இங்கே பெருமை மட்டும் பேசப்படவில்லை, வாழ்வும் பேசப்படுகிறது. பகைவனின் தாக்குதலால் போரிலே காயமுற்றவனுக்கு அளிக்கப்படுவது ‘பர்ப்பிள் ஹார்ட்’ எனும் பதக்கம். அது ஏட்டில் இருந்தால், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் சேர அவனுக்கு முன்னுரிமை உண்டு. மாண்ட பின்னர் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்து மண்ணிலே இடம் பெறும் தகுதியையும் அது தரும். ஏட்டிலே அந்த வரி இல்லையேல், பிணியுற்ற காலத்திலும் அவன் பின்வரிசையில் நிற்க நேரும். எழுத்தர் எழுத மறந்த ஒரு வரி, கிழவனின் கட்டிலருகே வந்து நின்று கதவடைக்கிறது!

ஏன் விடுபட்டுப் போகிறது அந்த வரி? காரணங்கள் பல. ஒவ்வொன்றையும் எண்ணிப் பாருங்கள். அவற்றிலே வீரன் செய்த குற்றம் ஒன்றேனும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

முதற் காரணம், அவசரம். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. இலட்சோப இலட்சம் பேர் வீடு திரும்பத் துடித்தனர். விடுவிப்பு நிலையங்களில் தட்டச்சுப் பொறிகள் ஓயாது ஒலித்தன. ‘பதக்கம் ஒன்று குறைகிறதே’ என்று வாதாடி, இன்னும் ஒரு வாரம் கொட்டகையில் கிடக்க எவன் விரும்புவான்? தாயின் முகமும் மனைவியின் முகமும் கண்முன் நிற்க, நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டுப் புறப்பட்டான்.

இரண்டாம் காரணம், காலந்தாழ்ந்து வந்த விருது. ‘பிரான்ஸ் ஸ்டார்’ எனப்படும் வெண்கல விண்மீன் 1944-இல் ஏற்படுத்தப்பட்டது. 1947-இலே அந்நாட்டுத் தரைப்படை ஒரு முடிவு செய்தது. இரண்டாம் உலகப் போரிலே காலாட்படைப் போர்ச் சின்னமோ, போர்க்கள மருத்துவச் சின்னமோ பெற்றவர்கள் அந்த வெண்கல விண்மீனுக்கும் உரியவர்கள் என்பதே அது. நல்ல முடிவுதான். ஆனால், அதற்குள் அந்த வீரர்களில் மிகப் பெரும்பாலோர் சீருடை களைந்து, ஏர் பிடிக்கவும் எந்திரம் ஓட்டவும் போய்விட்டனர். உரிமை பிறந்தது தலைநகரிலே. உரியவன் இருந்ததோ தொலைதூரச் சிற்றூரிலே. விண்ணப்பித்தால் தருவோம் என்றது அரசு. இருப்பதே தெரியாத ஒன்றுக்கு எப்படி விண்ணப்பிப்பான்?

கொரியப் போரின் கதை இன்னும் வேடிக்கை. தம் மண்ணுக்கு வந்து போரிட்டவர்களுக்குப் பதக்கம் தர 1951-இலேயே முன்வந்தது தென்கொரிய அரசு. அயல்நாட்டுப் பதக்கத்தை அணிய அமெரிக்கச் சட்டம் அன்று இடங்கொடுக்கவில்லை. அமெரிக்க அரசு அதை ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 1999-ஆம் ஆண்டில்! இருபது வயதில் போரிட்டவன் எழுபதை எட்டும் நேரத்தில், அவன் பெயருக்கு ஒரு பதக்கம் வந்து சேருகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் எழுதி முடித்த தாளிலே அதற்கு இடம் எங்கிருந்து வரும்?

மூன்றாம் காரணம், நெருப்பு. 1973-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், செயின்ட் லூயி நகரை அடுத்திருந்த படைப்பணி ஆவணக் காப்பகத்தின் ஆறாவது மாடி தீப்பற்றியது. முற்றிலும் அணைந்ததென அறிவிக்க நான்கு நாட்களாயின. ஒரு கோடியே அறுபது இலட்சம் முதல் ஒரு கோடியே எண்பது இலட்சம் வரையிலான வீரர்களின் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது விழுக்காடு சாம்பலாயிற்று. படிகள் எடுத்து வைக்கவில்லை. நுண்படச் சுருளும் இல்லை. எவருடைய கோப்பு அங்கே இருந்தது என்று சொல்ல ஓர் அட்டவணையும் இல்லை. இரண்டு உலகப் போர்களின் வீரமும் ஒரே கூரையின்கீழ், ஒரே படியாக, ஒரு தீப்பொறிக்குக் காத்துக் கிடந்தது!

அங்கே பணியாற்றுவோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நனைந்தும் கருகியும் மிஞ்சிய தாள்களை உலர்த்தினார்கள். ஊதியச் சீட்டுகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் படைப்பிரிவுகளின் அன்றாடக் குறிப்புகளையும் துருவித் துருவி, எரிந்துபோன வாழ்க்கைகளை மீண்டும் எழுதி வருகிறார்கள். பாராட்டுவோம். ஆனால், ஊழியர் உழைப்பு வேறு. சட்டத்தின் நோக்கு வேறு.

நான்காம் காரணம், அவசரமுமன்று, நெருப்புமன்று. நெஞ்சிலே படிந்த நிறவெறி. ஹென்றி ஜான்சன் என்றொரு கறுப்பின வீரர். ஆல்பனி நகர இரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். 1918 மே மாதத்து இரவொன்றில், பிரான்சின் ஆர்கான் காட்டிலே, குறைந்தது பன்னிரண்டு ஜெர்மானியர் கொண்ட படையை எதிர்த்து நின்றார். குண்டு தீர்ந்தது, கத்தியை எடுத்தார், காயமுற்ற தோழரைப் பகைவர் இழுத்துச் செல்லவிடாமல் மீட்டார். அவர் உடலிலே இருபத்தொரு காயங்கள். பிரெஞ்சு நாடு உடனே தன் உயரிய பதக்கத்தை அணிவித்தது. பெற்ற நாடு என்ன செய்தது? விடுவிப்புச் சான்றிலே அந்தக் காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் வீட்டுக்கு அனுப்பியது! 1929-இல் ஜான்சன் இறந்தார். ஏழையரின் இடுகாட்டிலே புதைக்கப்பட்டார் என்றே பலரும் நம்பியிருந்தனர். ஆர்லிங்டனில் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார் என்பது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது. ‘பர்ப்பிள் ஹார்ட்’ 1996-இல் வந்தது. அந்நாட்டின் தலையாய விருதான ‘மெடல் ஆவ் ஆனர்’ 2015-இல் வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் அவர் இல்லை.

‘அது பழங்கதை’ என்பீர்களோ? 1965 ஜூன் மாதம் வியட்நாமின் போங் சோன் பகுதியிலே, தாமே காயமுற்றிருந்தும் களத்தைவிட்டு அகல மறுத்து, வீழ்ந்து கிடந்த தோழர்களை மீட்டவர் கேப்டன் பாரிஸ் டேவிஸ். அவரும் கறுப்பினத்தவர். அதே உயரிய விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. தாள் காணாமற் போயிற்று. மீண்டும் அனுப்புக என்று 1969-இல் ஆணை பிறந்தது. அதுவும் காணாமற் போயிற்று. ஒருமுறை தொலைந்தால் தற்செயல் எனலாம். இருமுறை தொலைந்தால் என்னவென்று சொல்வது? களத்துத் தோழர்கள் விடாமல் வாதாடினார்கள். 2023 மார்ச் 3-ஆம் நாள்தான் அந்தப் பதக்கம் அவர் கழுத்தை அடைந்தது. 1965-க்கும் 2023-க்கும் இடையே ஒரு மனிதனின் வாழ்நாளே கழிந்துவிட்டது.

சரி, திருத்துவதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. முன்பெல்லாம் ஒருவரது ஏட்டைத் திருத்த நாடாளுமன்றத்திலே தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இறக்கி வைக்க 1946-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. குடிமக்களைக் கொண்ட ஏட்டுத் திருத்த வாரியங்கள் எழுந்தன. எழுத்துப் பிழை போன்ற எளிய குறைகளை அலுவலகமே சரிசெய்து, ‘டி.டி. 215’ என்ற திருத்தத் தாளைத் தரலாம். சிக்கலானவை ‘டி.டி. 149’ என்ற விண்ணப்பமாக வாரியத்துக்குச் செல்லும். ஏற்பாடு நன்று. அதன் உள்ளே இருக்கும் விதிகளைப் பாருங்கள். தரைப்படையின் வாரியம், ஏடு முறைப்படியே எழுதப்பட்டது என்ற எண்ணத்தோடுதான் விசாரணையைத் தொடங்கும். அது பிழையென நிறுவும் சுமை விண்ணப்பித்தவர் தலைமேல். பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் வரவேண்டும் என்பதும் சட்டம். நீதி கருதி வாரியம் அந்தத் தடையை நீக்கலாம், நீக்காமலும் இருக்கலாம்.

சிந்தியுங்கள், தோழரே! காப்பகத்தைக் காத்தது யார்? அரசு. எரியவிட்டது யார்? அரசு. பரிந்துரைத் தாளைப் பெற்றுக்கொண்டது யார்? அரசு. தொலைத்தது யார்? அதுவும் அரசே. ‘தாள் எங்கே?’ என்று கேட்பது யார்? தொலைத்த அதே கை! கேட்கப்படுவது யாரிடம்? எண்பதும் தொண்ணூறும் கடந்த முதியவரிடம். சாட்சி சொல்லக்கூடிய தோழர்களை ஒவ்வொருவராக மண்ணுக்கு அனுப்பிவிட்டு நிற்கும் தனிமரத்திடம்.

தேடினால் கிடைக்காது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தேடினால் கிடைக்கிறது என்பதுதானே வரலாறு! இரண்டாம் உலகப் போருக்காக வழங்கப்பட்டிருந்த 433 ‘மெடல் ஆவ் ஆனர்’ விருதுகளில், கறுப்பினத்தவர் ஒருவருக்குக்கூட ஒன்றும் இல்லை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பணியாற்றிய போர் அது! ஏன் இப்படி என்று 1993-இல் தரைப்படை ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. அரசே தன் ஏடுகளைப் புரட்டியது. ஏழு பேர் கிடைத்தனர். 1997 ஜனவரி 13-ஆம் நாள் வெள்ளை மாளிகையில் விருதுகள் வழங்கப்பட்டபோது, அந்த எழுவரில் உயிருடன் இருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவரே. 2000-ஆம் ஆண்டில் ஆசிய வழியினர் இருபத்திருவருக்கும் அவ்வாறே நீதி கிடைத்தது. நார்மண்டிக் கரையிலே 1944 ஜூன் 6-ஆம் நாள், காயத்தோடு கரையேறி, முப்பது மணி நேரம் ஓயாது பிறர் காயங்களுக்குக் கட்டுப் போட்டவர் வேவர்லி உட்சன். அவருடைய கோப்பை 1973-ஆம் ஆண்டுத் தீ தின்றுவிட்டது. ஆயினும், உயரிய விருது அவருக்குத் தகும் என வெள்ளை மாளிகைக்கு எழுதப்பட்டிருந்த ஒரு பழைய குறிப்பு கிடைத்தது. 2024-இல் அவருக்கு ‘டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ்’ அறிவிக்கப்பட்டது. அவர் மறைந்ததோ 2005-இல். சாம்பலுக்கு அடியிலும் உண்மை இருக்கிறது. தேடும் கைதான் வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வோம். ‘கேட்டவர்க்கெல்லாம் பதிந்து கொடுத்தால், போலிகள் புகுந்துவிடுவரே!’ என்பது. போலிகள் உண்டு, மெய்தான். பொய்ப்பதக்கம் பேசுவோரைத் தண்டிக்க 2006-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. பேச்சுரிமைக்கு முரணென 2012-இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. பொருளாதாயத்துக்காக ஏமாற்றுவதைக் குற்றமாக்கி 2013-இல் புதிய சட்டம் வந்தது. ஆனால், போலியை அடையாளம் காட்டுவது எது? செம்மையான ஏடுதானே! ஏடு குறைபட்டிருக்கும்வரை, பொய்யன் ‘என் கோப்பு எரிந்துவிட்டது’ என்று தப்புகிறான். மெய்யன் ‘என் கோப்பு எரிந்துவிட்டது’ என்று தவிக்கிறான். இருவரையும் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால், ஏட்டைத் திருத்துவதே வழி, கதவைச் சாத்துவதன்று.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. அரசின் கையிலிருந்தபோது கோப்பு அழிந்ததோ தொலைந்ததோ உறுதியாயின், ஐயத்தின் பலன் வீரனுக்கே செல்லட்டும். மறுக்க விரும்பினால் மறுப்புக்கான சான்றை அரசு காட்டட்டும். பிற்காலத்தில் ஒரு விருது உருவாக்கப்பட்டால், உரியவர் பட்டியலை அரசே தொகுத்து, உரியவர் வாயிலுக்கு அரசே அனுப்பட்டும். அவர் இல்லையேல் அவர் மக்களுக்கு அனுப்பட்டும். மூன்று ஆண்டு என்ற வேலி இத்தகைய வழக்குகளில் அறவே அகலட்டும். போருக்கு அழைக்கும்போது அவன் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்த அரசுக்கு, பதக்கத்தை அனுப்பும்போது மட்டும் முகவரி தெரியாமற் போவதேன்?

பதக்கம் பிச்சையன்று, அரசு திருப்பித் தரவேண்டிய கடன். கடன்பட்டவன் கணக்கேட்டைத் தொலைத்துவிட்டால், கடன் தீர்ந்துவிட்டதென்று எந்த ஊர் வழக்கும் சொல்லாது. நாடுதோறும் எளியவனின் வாழ்வு ஏதோவொரு அலுவலகத்து ஏட்டிலே தொங்கிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய நீதியன்று. எழுதியவன் தவறினால், திருத்த வேண்டியவனும் எழுதியவனே. ஏடு மறக்கலாம், அது தாள். நாடு மறக்கலாகாது!