182 நாள் போதும், 35 ஆண்டு போதாது

மரக்காணத்து உப்புக்கு வரி இல்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது சமையல் உப்பை வரிவிலக்குப் பட்டியலில் வைத்தார்கள். இன்றும் அப்படியே இருக்கிறது. 1930-ல் தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடந்துபோய் உப்பு அள்ளியவர்களுக்கு இந்த நாடு செலுத்தும் நன்றிக்கடன் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அன்றைய உப்பு வரியின் கொடுமை அதன் தொகையோடு முடிந்துவிடவில்லை. கூழ் குடிக்கிறவனும் கட்டினான், ஜமீன்தாரும் கட்டினார். ஆனால் சொத்து இருந்தவருக்குத்தான் ஓட்டு இருந்தது. கூழ் குடிக்கிறவன் கட்டிய காசு எங்கே போகிறது என்று கேட்க, அவன் அனுப்பிய ஆள் எந்தச் சபையிலும் இல்லை.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போனால், காலாப்பட்டுக்கு முன்னால் கீழ்புத்துப்பட்டு வரும். ஐயனாருக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடப் போகிறவர்களுக்கு ஊர் நன்றாகவே தெரியும். கோயிலுக்குப் போய் வருகிற பலர், அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அந்த முகாமுக்குள் போகும் பொருள்களில் உப்பு, சில்லறையாக அளந்து விற்கும் அரிசி, காய்கறி மாதிரிச் சிலவற்றை விட்டால் மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வரி உண்டு. 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் 61 காசு ஜி.எஸ்.டி. சரிபாதி டெல்லிக்கு, சரிபாதி சென்னைக்கு. ரீசார்ஜ் செய்கிறவர் இந்தியரா என்று எந்தக் கடையிலும் கேட்பதில்லை.

முகாம் ஆண்களில் பலருக்குப் பெயிண்டிங் வேலை. தமிழ்நாட்டு முகாம்கள் பலவற்றிலும் இதே கதைதான். பெயிண்ட் டப்பாவுக்கு 18 சதவீதம் வரி. 2025 செப்டம்பர் 21 வரை சிமென்ட்டுக்கு 28 சதவீதம், இப்போது 18. வேலைக்குப் போகிற பைக்குக்குப் போடும் பெட்ரோலில் ஒன்றிய அரசின் கலால் வரியும் மாநில அரசின் விற்பனை வரியும் இருக்கின்றன. சாரத்தில் ஏறி நின்று அவர் பூசுகிற சுவர் புதுச்சேரியிலோ சென்னையிலோ ஒருவருடைய சொந்த வீடு. இலங்கைக் குடிமகன் இந்தியாவில் வீடோ மனையோ வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்பதால், தன் பெயரில் ஒரு சென்ட் நிலம் வாங்குவது அவருக்குக் கனவுதான்.

வருமான வரிச் சட்டத்துக்கு வருவோம். அது குடியுரிமையைப் பார்ப்பதில்லை, நாள் கணக்கைப் பார்க்கிறது. ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவர் இங்கே வசிப்பவர். வரம்புக்கு மேல் வருமானம் இருந்தால் வரி கட்ட வேண்டும். ஆதார் சட்டமும் அதே 182 நாளைத்தான் கேட்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் முன் போய் நின்றால் கணக்கே மாறிவிடுகிறது. வெளிநாட்டவர் ஒருவர் 12 ஆண்டு இங்கே வாழ்ந்தால் இயல்புக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தக் கதவைத் தட்டக்கூட முடியாது. 2003-ல் நிறைவேறி 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் செய்த வேலை இது. 1990-ல் குண்டுவீச்சுக்குத் தப்பி, கைக்குழந்தையோடு மன்னார்க் கரையில் படகேறியவளிடம் பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே என்று கேட்கிற சட்டம்.

அவள் கையில் இருந்த அந்தக் குழந்தைக்கு இன்று 35 வயதுக்கு மேல். அதற்குப் பிறகு முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து, தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இந்திய அரசமைப்பின் முகவுரையை மனப்பாடம் செய்தவர்கள். பொறியியல் முடித்தவர்களும் உண்டு. அரசு வேலைத் தேர்வு எழுத முடியாது, பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாட்டு வேலைக்கும் போக முடியாது; கடைசியில் அப்பாவோடு பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள்.

பிறப்பால் குடியுரிமை என்பதிலும் தேதிதான் விதி. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் அந்தப் பிள்ளைக்கும் இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவருக்குப் பாஸ்போர்ட் தரச் சொன்னார். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். நல்ல தீர்ப்புதான். ஆனால் அவருக்குப் பக்கத்துக் குடிசையில் 1988-ல் ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அதே முகாம், அதே பள்ளி, அதே ரேஷன் வரிசை, ஆனால் ஓட்டு இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு இல்லை. அப்படியும் 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்களைக் கரையேற விட்டது, உணவும் உறைவிடமும் தந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட 317 கோடியே 40 லட்ச ரூபாய்த் திட்டம் 7,469 புதிய வீடுகளைக் கட்டித் தருவதாகச் சொன்னது; குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அன்று சொல்லப்பட்ட கணக்கு, 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே 34,087 பேர். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பெயர் மாற்றியதையும் வீடு கட்டியதையும் குறைத்துப் பேச நமக்கு மனம் வராது. ஆனால் மாநில அரசால் சுவர் எழுப்பித் தர முடியும். அந்தச் சுவருக்குள் இருப்பவரை இந்தியராக்க முடியாது. அந்தச் சாவி டெல்லியில் இருக்கிறது.

வரி கட்டுகிறார்கள், அதனால் குடியுரிமை கொடு என்று வாதாடுவதும் சரியில்லை. அப்படிப் பேசினால், எதையும் சம்பாதிக்காமல் முகாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டிக்கு என்ன பதில்? குடியுரிமைக்கு விலைச்சீட்டு ஒட்டினால் முதலில் வெளியே நிற்பது நம் நாட்டு ஏழைதான். வரிக் கணக்கு ஒரே ஒரு பேச்சை முறிக்கத்தான் உதவும்: 'நம்ம வரிப்பணத்துல சும்மா உக்காந்து சாப்பிடறாங்க' என்ற டீக்கடைப் பேச்சை. அந்த வரிப்பணத்தில் அவர்களுடைய காசும் கலந்திருக்கிறது.

அமெரிக்காவில் இதே விவாதம் பெரிய அளவில் நடக்கிறது. ஆவணம் இல்லாத குடியேறிகள் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 9,670 கோடி டாலர் வரி கட்டியதாக, வாஷிங்டனில் உள்ள வரி மற்றும் பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று 2024-ல் கணக்கிட்டது. அதில் 2,570 கோடி டாலர் முதியோர் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் போனது. கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஓய்வூதியம் கிடைக்காது. அதே நாடு 1986-ல், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரீகன் அதிபராக இருந்தபோது, சுமார் 27 லட்சம் பேரைச் சட்டபூர்வக் குடியேறிகளாக ஏற்றது என்பதையும் நினைவில் வைக்கலாம். கலிஃபோர்னியாவில் இருக்கும் தம்பிக்குக் கிரீன் கார்டு வரப் பல ஆண்டு ஆகிறதே என்று நம் வீடுகளில் வருத்தப்படுகிறோம். வருத்தம் நியாயமானது. அதில் கொஞ்சம் கீழ்புத்துப்பட்டுக்கும் ஒதுக்கினால் என்ன?

இனி, உப்பளத்துக்காரர் பக்கத்து நியாயம். அதைக் கேட்காமல் பொதுக்கருத்து என்று எதையும் எழுத முடியாது. மரக்காணத்தில் உப்பு எடுக்கும் பருவம் தை, மாசி வாக்கில் தொடங்கி மழை வரும்வரை. வெயிலில் கண் கூசும், பாதம் வெடிக்கும், கூலி சொற்பம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாநில அரசு தருகிற உதவித்தொகை 5,000 ரூபாய். வேலையில்லாத மாதங்களுக்கு அதைப் பிரித்துப் பார்த்தால் எத்தனை நாள் வரும் என்பது அடுப்பெரிக்கிறவருக்குத் தெரியும். 'அவங்களுக்கு வீடு கட்டித் தர்றாங்க, எங்க ஓட்டு வீடு ஒழுகுதே, அதுக்கு யாரு?' என்று அங்கே ஒருவர் கேட்டால், அது பொறாமைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஓட்டுரிமை இருந்தும் கவனிக்கப்படாதவரின் கோபம் அது.

அந்தக் கோபத்தைப் பக்கத்து முகாம் மீது திருப்பிவிடுவது அரசியலில் எளிய வேலை. கூலியைக் குறைக்க நினைக்கிற மேஸ்திரிக்கும் அதுதான் வசதி. பேப்பர் இல்லாதவன் குறைந்த கூலிக்கு வருவான், புகார் கொடுக்க மாட்டான், முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிராஞ்ச் போலீஸ் பெயரைச் சொன்னாலே அடங்கிப் போவான். ஒருவனைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள முடிகிற ஊரில் மற்றவனுக்கும் கூலி ஏறாது. முகாம்காரருக்குச் சட்டத்தில் உறுதியான இடம் கிடைத்தால் அவர் கூலியைத் துணிந்து கேட்பார். அதனால் உள்ளூர்க்காரருக்கும் லாபம்தான்.

டெல்லி செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினர் விஷயத்தில் இரண்டு படியாக நடந்தது. 2015 செப்டம்பரில் அவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்கு தந்தார்கள். ஆப்கானிஸ்தானை அடுத்த ஆண்டு சேர்த்தார்கள். 2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்தையே திருத்தி, 2014 டிசம்பர் 31-க்குள் வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறி' ஆக மாட்டார்கள் என்று எழுதி, ஐந்தே ஆண்டு வசிப்புப் போதும் என்றார்கள். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. மதத்தை அளவுகோலாக வைத்த அந்தத் திருத்தத்தை நீக்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் தீர்மானமே நிறைவேற்றியது. இப்போது, 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கும் பாஸ்போர்ட், விசா விஷயத்தில் விலக்கு வந்திருக்கிறது. ஆவணம் இல்லை என்பதற்காக இனி வழக்குப் போட முடியாது. முதல் படி ஏறியாயிற்று. இரண்டாம் படி மட்டும் பாக்கி: அதே பதிவேட்டில் இருப்பவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லிலிருந்து எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான அந்த 12 ஆண்டுக் கதவைத் தட்ட விடுவது. அதற்கு மதம் எதையும் கேட்க வேண்டியதில்லை. பதிவேடும் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை; வருவாய்த் துறையிடமும் கியூ பிரிவிடமும் ஆள் ஆளாகக் கணக்கு இருக்கிறது. இந்த அளவுக்கு எண்ணிப் பார்க்கப்பட்ட மக்கள் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு வந்தபோது, இந்தியா தர்மசத்திரமா என்ற பொருளில் அமர்விலிருந்து கேள்வி எழுந்தது. சத்திரத்தில் யாரும் 35 ஆண்டு தங்குவதில்லை, சத்திரத்தில் யாரும் பிறந்து படித்துக் கல்யாணம் கட்டி, சுற்றியுள்ள ஊர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் இல்லை.

எல்லோரும் இங்கேயே இருக்க விரும்புகிறார்கள் என்றும் நாம் முடிவு செய்துவிடக் கூடாது. வவுனியாவிலோ திருகோணமலையிலோ காணி உள்ளவர்கள், அதை மறக்காதவர்கள் இருக்கிறார்கள். போக விரும்புகிறவர் மரியாதையோடு போக வழி செய்ய வேண்டும். அன்று படகில் தப்பியதைக் குற்றமாக எண்ணி விமான நிலையத்தில் பிடித்து வைக்கும் வழக்கத்தைக் கொழும்பு விட வேண்டும். இலங்கை மலையகத்திலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் நிலை வேறு. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்பதாக ஒப்புக்கொண்ட நாடு இது. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் முகாமில் இருந்தால், அவர்கள் விஷயத்தில் இந்தியா செய்ய வேண்டியது பழைய வாக்கைக் காப்பாற்றுவது.

முகாம் மக்கள் தரப்பிலும் வேலை உண்டு. பிள்ளைகளின் பிறப்பை உள்ளூர்ப் பதிவாளரிடமும் சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதியாமல் விட்டவர்கள் அதைச் சரிசெய்ய வேண்டும். 1984-ல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதும் இதைத்தான். நாளை கதவு திறந்தால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கட்சிகள் எல்லாமே ஈழத் தமிழர் மீது பாசம் உள்ளவைதாம். மேடையில் அந்தப் பாசத்துக்குக் குறைவே இல்லை. டெல்லியில் குடியுரிமைச் சட்டத்துக்கு ஒற்றை வாக்கியத் திருத்தம் கேட்டு எல்லாக் கட்சி எம்.பி.க்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போடும் அளவுக்கு அது வளர வேண்டும். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒத்துப்போக இதைவிடச் சுலபமான விஷயம் கிடைக்காது. தோற்பவர் யாரும் இல்லை, கூடுதல் செலவும் பெரிதாக இல்லை.

விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மரக்காணத்துக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மழை மாதங்களில் உப்பளக் குடும்பம் எப்படிச் சாப்பிடுவது என்பது ஒன்று. கீழ்புத்துப்பட்டு முகாமில் பிறந்தவருக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் உரிமை எப்போது என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியையும் நாம்தான் கேட்டாக வேண்டும். முகாமில் இருப்பவர்களிடம் ஓட்டுக் கேட்டு யாரும் வருவதில்லை.